எண்பத்து நாலு கிலோமீட்டர் வேகத்தில் ஓர் இறுதி ஊர்வலம்

சாவு வண்டி ஓட்டுகிறவனை யாரும் அவசரப்படுத்துவதில்லை. நேரமாகிவிட்டது என்று பின்னால் இருந்து எந்தச் சவாரியும் இதுவரை குரல் கொடுத்ததில்லை. அதனாலேயோ என்னவோ, அந்த வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சலித்துப்போய் லாரிக்குத் தாவிவிடுவார்கள். நம்முடைய ஆள் தாவவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த நாள் முதல் அவருக்கு அந்த ஒரே வேலைதான். ஷெட்டில் அவரைச் சாவகாசம் என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளில் இருந்தது. அதைச் சொல்லி அழைப்பார் யாரும் இல்லை.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கிளம்புவதற்கு முன்னால், வண்டிக்குப் பின்னே நடந்துவரப் போகிறவர்களை ஒரு நோட்டம் விடுவார். அதில் யாருக்கு நடை ஆகவே ஆகாதோ அவரைக் குறித்துக்கொள்வார். ஊன்றுகோல்காரரோ, இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவளோ, யாரோ ஒருவர். அப்புறம் வழிநெடுகப் பக்கக் கண்ணாடியில் அந்த ஒருவரையே பார்த்துக்கொண்டு, அவர் அடி எடுத்துவைக்கிற கணக்குக்கு வண்டியை நகர்த்துவார். அவர் நின்றால் வண்டியும் நிற்கும். "பொணத்துக்குப் பின்னாடி யாரையும் ஓடவிடக் கூடாது. அழுதுக்கிட்டே ஓட முடியாது" என்பார். இதைப் பெரிய தத்துவமாக அவர் சொன்னதில்லை. கிளச்சைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் அதிவேகத்துக்காகப் பிடித்தார்கள்.

அன்றைக்கு வண்டிக்குள் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் மூக்கில் அவர் கைவேலைதான் உட்கார்ந்திருந்தது. ஆகவே கூட்டத்துக்குக் குறைவில்லை. வண்டியை ஒட்டினாற்போல அவர் மனைவி நடந்து வந்தாள். மகன் அவள் கையைப் பிடித்திருந்தான். சாவகாசம் குறித்துக்கொண்ட ஆள் அந்த அம்மாதான். ஒவ்வோர் அடிக்கும் முழங்காலிடம் அனுமதி கேட்டுத்தான் வைத்தாள். வேகமானி முள் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பள்ளிக்கூட வளைவு தாண்டியதும், பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டத்தை உரசிக்கொண்டு பறந்தது. ஓட்டியவனின் முதுகைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அவன் போன கையோடு, பஸ் நிழற்குடைக்குப் பின்னாலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வெளியே வந்து சாவு வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார். இளவயசுக்காரர். கையில் துப்பாக்கி மாதிரி வேகம் அளக்கும் கருவி இருந்தது.

"எண்பத்து நாலு" என்றார்.

"என்னது?"

"எண்பத்து நாலுல வந்திருக்கீங்கண்ணே. இந்தத் தெருவுக்கு நாப்பதுதான்."

சாவகாசம் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். கடைக்காரரின் மனைவி வண்டியின் பின்கதவில் ஒரு கையை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"சார், பின்னாடி ஆளுங்க நடந்து வர்றாங்க."

"தெரியுது."

"இப்ப ஒரு பைக் போச்சே, அதுதான் சார்..."

கான்ஸ்டபிள் கருவியின் திரையைத் திருப்பிக் காட்டினார். படத்தில் சாவு வண்டி முகத்தைக் காட்டிக்கொண்டு அழகாக நின்றது. மேலே எண்பத்து நாலு என்று போட்டிருந்தது. "இதுல பைக் எங்க இருக்கு, காட்டுங்க. அவன் வேகமா போயிட்டான், அதனால படத்துல நிக்கல. நீங்க மெதுவா வந்தீங்க, மாட்டிக்கிட்டீங்க."

"மெதுவா வந்தேன்னு நீங்களே சொல்றீங்களே!"

"நான் சொல்லி என்னண்ணே பிரயோஜனம்? மெஷின் சொல்லணும். விழுந்த நம்பர அழிக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது." சொல்லிவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

"பெல்ட் போட்டிருக்காரா?"

"ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கோம்."

"அந்த மட்டுக்கும் நல்லது" என்று தலையாட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றி, பெட்டிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சீட்டை எழுதத் தொடங்கினார். நல்ல கையெழுத்து, நிறுத்தி நிதானமாக எழுதினார். அது முடிகிறவரை பிணமும் ஊரும் வெயிலில் காத்திருந்தன.

சட்டம் சின்னதுதான். வரம்பைத் தாண்டினால் அபராதம். வரம்பின் இரட்டிப்பைத் தாண்டினால் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. நாற்பதின் இரட்டிப்பு எண்பது. எழுபத்தொன்பதில் போயிருந்தால் பணத்தைக் கட்டிவிட்டு வந்திருக்கலாம். ஐந்தில் போனதுதான் தப்பாகிவிட்டது.

சாவகாசத்தின் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவள். வீட்டுக்கு வந்து சீட்டைப் படித்தவள் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். "எண்பத்து நாலா? நீங்களா? நம்ம கல்யாணத்தன்னைக்கு எங்க சித்தப்பா நடந்து வந்து, நீங்க ஓட்டின வண்டிக்கு முன்னாடி மண்டபத்துல உக்காந்திருந்தாரு."

"சிரிக்காத. உரிமம் போயிடும்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "போனா?"

"போனா போனதுதான்."

"உங்களுக்கு வேற என்ன வேலை தெரியும்?"

அவர் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. வயது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. இனிமேல் கற்றுக்கொடுப்பாரும் இல்லை.

"நீங்கதான் தப்பே பண்ணலையே. போய் முறையிடுங்க. நாலு பேர் கேக்குற எடத்துல உண்மைய சொன்னா யாராவது காது கொடுக்காமலா போயிடுவாங்க?" என்றாள் அவள். பாவம், அவள் அதுவரை எந்த அலுவலகத்துக்கும் போனதில்லை.

வேகக் கட்டுப்பாட்டு வாரியம் தன் பணியைத் தன்னிடமிருந்தே தொடங்கியிருந்தது. அங்கே எதுவும் வேகமாக நடக்காது. தரையோடு சேர்த்துத் திருகிய பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் குற்றம் செய்த வண்டியை எப்போதோ விற்றுவிட்டவர்கள். ஒருவர் தன் அப்பாவின் டோக்கனோடு வந்திருந்தார். அப்பாவைச் சாவகாசம்தான் கொண்டுபோய் விட்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு தலையசைத்துக்கொண்டார்கள்.

முறையீட்டு அதிகாரியின் அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று தரையில், மேசைக்குப் பின்னால். இன்னொன்று சுவரோரம் ஒரு பலகை மேடை மேல், காலியாக. அதிகாரி தரை நாற்காலியில் இருந்தார். மென்மையான மனிதர்; சின்னத் துவாலையால் மேசைக் கண்ணாடியைத் துடைத்தபடி பேசினார்.

"இங்க வர்றவங்க மொதல்ல ஒண்ணப் புரிஞ்சுக்கணும். மனுஷன் பொய் சொல்வான். கருவி பொய் சொல்லாது. பொய் சொல்ற அளவுக்கு அதுக்கு அறிவு கிடையாது. அறிவில்லாத ஒண்ண நம்பித்தான் இந்த வாரியமே நடக்குது."

"அது சரியா வேலை செய்யுதான்னு யாராவது சோதிச்சுப் பாத்தாங்களா சார்?"

"ஏன் பாக்காம? வித்த கம்பெனியே சோதிச்சு, தப்பே வராதுன்னு எழுதிக் கொடுத்திருக்கு. அத நம்பித்தான் வாங்கினோம். இப்ப சந்தேகப்பட்டா, வாங்கினது தப்புன்னு ஆயிடும். வாங்கினவன் நான். அப்ப என்னையே நான் சந்தேகப்படணும். அதுக்கு இங்க தனிப் பிரிவு இல்ல."

சாவகாசம் தன் வேலை முறையை விளக்கினார். நடக்க முடியாதவரைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டுவதை ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி துடைப்பதை நிறுத்தினார்.

"அப்ப நீங்க முன்னாடி பாக்கல?"

"அதுவும் பாப்பேன் சார்."

"பின்னாடி பாத்துக்கிட்டே முன்னாடி போனேன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அது தனிக் குற்றம். எழுதிக்கிறேன், கவலப்படாதீங்க." எழுதிக்கொண்டார். "சாட்சி யாராவது உண்டா?"

"வண்டிக்குள்ள இருந்தவரத் தவிர எல்லாரும் சாட்சிதான் சார். ஊரே நடந்து வந்துச்சு."

"அவங்க கண்ணாடி போடுறவங்களா?"

"எல்லாரும் போடுறவங்கதான். அவர் கடைலதான் வாங்கினாங்க."

"பார்வைக் கோளாறு உள்ளவங்க கண்ணால கண்ட சாட்சி ஆக முடியாது. சரி, போகட்டும், மனிதாபிமானத்தோட பாப்போம். அவங்க உங்க வண்டிக்கு எவ்வளவு பின்னாடி வந்தாங்க?"

"கைக்கெட்டுற தூரந்தான் சார். வண்டியத் தொட்டுக்கிட்டுதான் வந்தாங்க." நம் ஆள் முகம் மலர்ந்தது. பிடி கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

"ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும்? எடைவெளி விழாம?"

"ஒரு முழம்கூட விழல சார்."

"ரொம்ப நல்லது. அவங்க பேரெல்லாம் சொல்லுங்க" என்றார் அதிகாரி. சொல்லச் சொல்ல அன்போடு எழுதிக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று சாவகாசத்துக்கு அப்போது தெரியவில்லை.

பத்து நாள் கழித்து, ஊர்வலத்தில் நடந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் வாரியத்திலிருந்து ஓலை வந்தது. வாரியத்தின் கணக்கில் ஓட்டை கிடையாது. வண்டி எண்பத்து நாலில் போனது, கருவி சொல்கிறது. வண்டிக்கு ஒரு முழம் பின்னால், இடைவெளி விழாமல் இவர்கள் வந்தார்கள், ஓட்டுநர் சொல்கிறார். ஆகவே இவர்களும் எண்பத்து நாலில் வந்திருக்கிறார்கள். அதுவும் உரிமம் இல்லாமல், பதிவெண் இல்லாமல், பின்விளக்கு இல்லாமல். ஊன்றுகோலோடு நடந்த தையற்கடைக்காரருக்குக் கூடுதலாக ஒரு குற்றம்: பதிவு செய்யாத மூன்று சக்கர வாகனம். அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தார். இதய நோய்க்காரர் ஒருவர், மாடி ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு வாரியத்துக்கு ஓடினார். ஓடிவந்ததைப் பார்த்தோம் என்று அங்கே குறித்துக்கொண்டார்கள்.

ஆனால் வாரியம் இரக்கமில்லாதது அல்ல. ஓலையின் அடியில் ஒரு வழி சொல்லியிருந்தது. அன்றைக்கு ஊர்வலத்துக்கே வரவில்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தால் வழக்கு இல்லை.

சாவகாசம் மூடிக்கிடந்த கண்ணாடிக் கடைக்குப் போனபோது, தெருவே அங்கே கூடியிருந்தது. அவரைக் கண்டதும் பேச்சு அடங்கியது. இறந்தவரின் மகன் முன்னால் வந்தான். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன்; நாலு எழுத்து தெரிந்தவன் என்று தெருவில் மரியாதை.

"என்ன டிரைவரே, எங்கப்பாவக் கொண்டுபோய்ச் சேத்தீங்க, சரி. எங்களையும் சேத்து அனுப்பலாம்னு பாக்குறீங்களா?"

"உண்மையத்தான் சொன்னேன் தம்பி. நீங்க நடந்து வந்தீங்கன்னு."

"நடந்து வந்தோம், அது எங்களுக்குத் தெரியாதா? அத அங்க போய் எதுக்குச் சொல்றீங்க?"

தையற்கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். "எனக்கு அவர் அம்பது வருஷ சிநேகிதம்" என்றார், யாரும் கேட்காமலே. "நான் வரலன்னு எழுதினா அவருக்கு ஒண்ணும் ஆயிடாது. எனக்குத்தான் ஆயிடும்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஒவ்வொருவராகப் போட்டார்கள். மகன் கடைசியில் போட்டான். 'என் தந்தையின் இறுதி ஊர்வலத்தில் நான் கலந்துகொள்ளவில்லை' என்ற வரிக்குக் கீழே, தேதியோடு.

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது. "நான் போட மாட்டேன்."

"அம்மா, சும்மா ஒரு கையெழுத்துதான்."

"சும்மான்னா நீயே ரெண்டு தடவ போட்டுக்க. நான் வந்தேன். வரலன்னு எழுத மாட்டேன்."

அவளை யாரும் வற்புறுத்தவில்லை. வயசானவள், விட்டுப்பிடிக்கலாம் என்று நினைத்தார்கள். சாவகாசத்தை மட்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஷெட்டில் முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். தீர்ப்பு வருகிறவரை வண்டிகளைக் கழுவச் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 'அந்த வேகமா ஓட்டுறவர அனுப்பாதீங்க' என்று துக்க வீடுகளிலிருந்து போன் வந்தது. ஒரு வீட்டில், பிள்ளைகள் எல்லோரும் சாயங்காலமே திரும்ப வேண்டுமாம். அந்த எண்பத்து நாலு டிரைவர் கிடைப்பாரா என்று கேட்டார்கள். முதலாளி இரண்டாவது போனைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சாவகாசம் பக்கெட்டில் துணியை முக்கிப் பிழிந்துகொண்டே இருந்தார்.

முதல் முறையீடு தள்ளுபடியானது. இரண்டாவது முறையீட்டுக்கு அவர் போனபோது, அறை அதே அறைதான். துவாலையும் அதே துவாலை. அதிகாரி மட்டும் மேடை மேல் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சார், போன தடவையும் நீங்கதானே..."

"அது கீழ் முறையீடு. அந்த நாற்காலில இருந்தவர் வேற. இது மேல் முறையீடு" என்று கீழே காலியாக இருந்த நாற்காலியை மரியாதையோடு பார்த்தார் அதிகாரி. "அவர் நல்ல அனுபவசாலி. அவர் எடுத்த முடிவுல தலையிட எனக்கே தயக்கமா இருக்கு. இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கே. திறந்த மனசோட விசாரிப்போம்."

அறையில் தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். கையெழுத்தை நேரில் உறுதிசெய்ய அழைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, நான் வரவில்லை, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மகனும் சொன்னான். அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ பேசுகிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவகாசத்தின் மனைவி தேய்ப்பு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றாள். நாலு பேர் கேட்கிற இடம் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அதிகாரி தாள்களைத் தட்டி அடுக்கினார். அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

"ஆக, பின்னாடி யாருமே வரல. இதுல ஒரு சிக்கல் இருக்கு, ஓட்டுநரே. யாருமே வரலன்னா அது யாரோட பொணம்?"

"கண்ணாடிக் கடைக்காரரோடது சார்."

"அத யார் சொல்றது? சொந்தக்காரங்க யாரும் கூட வராத பொணம் கேப்பாரத்த பொணம். கேப்பாரத்த பொணத்த அரசாங்கந்தான் தூக்கணும். நீங்க யார் எடுத்துட்டுப் போக? அதுவும் எண்பத்து நாலுல? மெதுவா போயிருந்தா அடக்கம் பண்ணப் போனீங்கன்னு சொல்லலாம். அவ்வளவு வேகமா போனா, தப்பிச்சுப் போனீங்கன்னுதான் அர்த்தம். பொணக் கடத்தல். நான் சொல்லல, காகிதம் சொல்லுது."

சாவகாசம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மகன் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அப்போது பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அது என் வீட்டுக்காரர். நான் கூட நடந்தேன்."

"அம்மா, உக்காருங்க" என்று மகன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் தட்டிவிட்டாள்.

"இந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. என் கால் நின்னப்பல்லாம் வண்டி நின்னுச்சு. அவர் போனப்புறம் என்னை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்கன்னா அது அந்தத் தெரு முடியிற வரைக்குந்தான். இத நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்."

அதிகாரி துவாலையை மடித்து வைத்தார். அவர் குரல் இன்னும் மென்மையானது.

"அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. எனக்கும் மனைவி இருக்காங்க. ஆனா யோசிச்சு சொல்லுங்க. வண்டியோட வந்தீங்கன்னா எண்பத்து நாலுல வந்தீங்க. உங்ககிட்ட உரிமம் இருக்கா?"

"நடக்கவா?"

"அந்த வேகத்துல போக."

"என்னால உங்க படியே ஏற முடியல. ரெண்டு பேர் தூக்கி விட்டாங்க."

"அது இன்னைக்கு. வழக்கு அன்னைக்கு நடந்தது." அதிகாரி ஒரு பக்கத்தைப் புரட்டினார். "உரிமம் இல்லாம இரட்டிப்பு வேகம் போனா அபராதம் கிடையாது, நேராக் காவல்தான். ஆனா வாரியம் பெரியவங்கள மதிக்குது. அறுபதுக்கு மேலன்னா கீழ்த்தளத்துல அறை கொடுப்போம், படி ஏற வேண்டியதில்ல. நடந்தீங்களா, நடக்கலையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"நடந்தேன்" என்றாள் அம்மா.

பெண் காவலர்கள் இருவர் வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்தாள். அம்மா ஓர் அடி எடுத்து வைத்தாள். முழங்கால் மடங்கவில்லை, அடுத்த அடிக்குக் காத்திருந்தாள். காவலருக்குக் காத்திருக்கிற பழக்கம் இல்லை. இழுத்தாள். அம்மாவின் வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது.

சாவகாசத்துக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. நடக்க முடியாத ஆளைப் பார்த்து நிறுத்துவதற்கே பழகிய உடம்பு அது. அவர் கால் தானாக அழுந்தியது. அழுத்த அங்கே பிரேக் இல்லை.

"நான்தான் சார் வேகமா போனேன்" என்றார்.

அறை நிமிர்ந்தது. கடைசி வரிசையிலிருந்து, "என்னங்க!" என்று அவர் மனைவி கத்தினாள்.

"எண்பத்து நாலுல போனேன். அவங்க எல்லாரும் வரத்தான் கிளம்பினாங்க. நான்தான் விட்டுட்டுப் போயிட்டேன். அந்த அம்மா நடக்கல. நடக்குறதுக்கு நான் விடல."

அதிகாரியின் முகம் விடிந்துவிட்டது. "பாத்தீங்களா? இத மொதல் நாளே சொல்லியிருந்தா இத்தனை பேருக்கு அலைச்சல் இல்ல. இப்ப எல்லாம் பொருந்துது. சொந்தக்காரங்க இருந்தாங்க, அதனால கடத்தல் இல்ல. யாரும் கூட வரல, அதனால யாரும் ஓடல. கருவி சொன்னது சரி. வாங்கினதும் சரி. ஒரு உண்மை வெளிய வந்தா எத்தனை பேருக்கு நிம்மதி பாருங்க." பிறகு தட்டச்சர் பக்கம் கைகாட்டினார். "மறுபடியும் சொல்லுங்க. கொஞ்சம் வேகமாச் சொல்லுங்க, அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சாவகாசம் மறுபடியும் சொன்னார். உரிம அட்டையை வாங்கி, மேசை ஓரம் இருந்த துளைக்கும் கருவியில் வைத்து ஓர் ஓட்டை போட்டார்கள். ஓட்டை அட்டைப் படத்தில் அவர் முகத்தில் விழுந்தது. நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

வராந்தாவில் தெருக்காரர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். தையற்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் நல்ல மனசு, நல்ல மனசு என்று சொல்லிவிட்டு நழுவினார்கள். மனைவி மட்டும் பக்கத்தில் வந்து, அந்த ஓட்டை அட்டையை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் அழவில்லை. நாளையிலிருந்து சலவைக்கூடத்தில் இன்னொரு ஷிப்டும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மகன் அம்மாவைத் தாங்கியபடி வந்தான். உயிர் திரும்பி வந்தவன் போலிருந்தான். வந்த நிம்மதி கொஞ்ச நேரம் முகத்தில் நின்று, அப்புறம் கோபமாக மாறியது.

"எல்லாம் சரி டிரைவரே. ஆனா எங்கள விட்டுட்டு எங்கப்பாவ நீங்க அப்படி இழுத்துட்டுப் போயிருக்க வேண்டாம்."

சாவகாசம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். அவன் நடிக்கவில்லை. உள்ளே தட்டச்சு செய்ததை அவன் நம்பத் தொடங்கிவிட்டான். அவனுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

"என்னடா பேசுற? என் கையப் புடிச்சுக்கிட்டுக் கூட வந்தவன்டா நீ" என்றாள் அம்மா.

"அம்மா, மெதுவா. இங்க வேணாம்."

அவள் சாவகாசத்தின் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயாவது சொல்லு. உன் வேலைதான் போயிடுச்சே, இனிமே உனக்கென்ன பயம்? நாங்க அவர் பின்னாடி வந்தோமா, இல்லையா?"

அதிகாரி அறையைப் பூட்ட வந்திருந்தார். சாவி துவாரத்தில் இருந்தது, கை நின்றுவிட்டது. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. அவருக்குப் பின்னால் அந்த இரண்டு பெண் காவலர்களும் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

சாவகாசம் காவலர்களைப் பார்த்தார், பிறகு அம்மாவின் முழங்காலைப் பார்த்தார்.

"இல்லம்மா. நான் வேகமா போயிட்டேன்."

சாவி திரும்பியது. அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. வயசாகிவிட்டது, நமக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டதோ என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அப்ப அவர் தனியாத்தான் போனாரா?" என்றாள்.